நேர்காணல் நாற்காலியில் மூளை என்ன செய்கிறது?

மனஅழுத்தம் வந்தால் உடலுக்குள் என்னென்ன நடக்கிறது என்று ஆராய விரும்புகிறவருக்கு முதலில் ஒரு சிக்கல் வரும். ஆய்வகத்துக்கு வந்திருப்பவருக்கு எந்தத் தீங்கும் செய்யாமல், ஆனால் நிச்சயமாகவும், அழுத்தத்தை எப்படி உண்டாக்குவது? 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாம் குழுவினர் இதற்கு ஒரு விடை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த கருவி வேலைக்கான இன்டர்வியூ.

சோதனை இப்படி நடக்கும். வந்தவரிடம், நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், அந்த வேலைக்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பார்கள். தயாராகச் சிறிது நேரம் உண்டு. எதிரே மூன்று பேர் கொண்ட குழு. முகத்தில் சிரிப்பும் இருக்காது, தலையாட்டலும் இருக்காது. பேச்சைப் பதிவு செய்ய ஒரு கேமரா. பேசி முடித்ததும் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். தவறினால் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சில நிமிடங்களில் கார்டிசால் என்னும் ஹார்மோனின் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. இன்றும் உலகம் முழுக்க மனஅழுத்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் சோதனைகளில் இது ஒன்று.

ஆகவே இன்டர்வியூவுக்கு முந்தின இரவு தூக்கம் வராத இளைஞரிடம், இதுக்கெல்லாமா பயப்படுவாங்க என்று கேட்பது நியாயமில்லை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கும் இன்டர்வியூ அழுத்தம் தரும். அது தைரியக்குறைவின் அடையாளமாகாது. இதைத் தெரிந்துகொண்டு தயாராகிறவர்களுக்கும் தெரியாமல் தயாராகிறவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கேரளத்தின் சித்தூர் பகுதியில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த அறிவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மூன்று மொழி, மூன்று வாசல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது சித்தூர் வட்டம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரமாகப் போனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் கேட்கும். கேரளத்தில் தமிழ் மொழிச் சிறுபான்மையினர் செறிந்து வாழும் இடங்களில் இதுவும் ஒன்று. இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியார் பகுதிகளின் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கும் இதே நிலைதான்.

இங்கே படித்து முடிக்கும் பிள்ளைக்கு முன்னால் பல வாசல்கள் உண்டு. ஒன்று கேரள அரசுப் பணி. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம், ஊரார் பேச்சில் பி.எஸ்.சி., குறிப்பிட்ட பொதுத் தேர்வுகளின் வினாத்தாளை மலையாளத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் தருகிறது. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் பணி, தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் பணி போன்றவை இந்த மாவட்டங்களுக்கென்றே வருவதுண்டு. கல்லூரி உதவிப் பேராசிரியர் போன்ற பதவிகளுக்கு எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்முகத் தேர்வும் உண்டு. 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற இடங்களில் கெஸ்ட் லெக்சரர்களை நியமிப்பதற்கும், பள்ளிகளில் தினக்கூலி அடிப்படையில் ஆசிரியர்களை எடுப்பதற்கும் நேர்காணல்தான் வழி. இரண்டாவது வாசல் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள். மூன்றாவது, பஸ் ஏறினால் எட்டிவிடுகிற கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும்.

முதல் வாசலில் மலையாளத்தில் கேட்பார்கள். மூன்றாவதில் தமிழில் வரவேற்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். இரண்டாவதில் மேலாளர் எந்த ஊர்க்காரரோ அதைப் பொறுத்தது. ஒரே மாதத்தில் மூன்று மொழிகளில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய பிள்ளைகள் இவர்கள். இது சுமையா, பலமா? இரண்டும்தான். முதலில் சுமையைப் பார்ப்போம்.

தெரிந்த பதில் ஏன் மறைகிறது?

கலிபோர்னியாவைச் சேர்ந்த சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் மனஅழுத்தம் பற்றிய 208 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2004-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கார்டிசாலை மிக அதிகமாக ஏற்றுவது வெறும் கடினமான வேலை அல்ல. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் ஏற்றம் மிகுதி. இன்டர்வியூவில் இந்த இரண்டும் ஒரே நாற்காலியில் வந்து உட்காருகின்றன.

அப்போது பாதிக்கப்படுவது செயல் நினைவு. கேட்ட கேள்வியை மனத்தில் நிறுத்தி, தேவையான தகவலை உள்ளிருந்து எடுத்து, வாக்கியமாகக் கோத்து, வாய்க்கு அனுப்பும் வரை தாங்கிப் பிடிக்கும் இடம் இது. அலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இதன் அமைப்பை விளக்கினார்கள். ஒரே சமயத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் இது தாங்கும் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். நாலு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னத் திண்ணை என்று இதை நினைத்துக்கொள்ளலாம். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற கவலை ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவர் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறார் என்ற எண்ணம் இன்னோர் இடத்தில். மீதி இரண்டில்தான் கேள்வியும் பதிலும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். வெளியே வந்ததும் பதில் சட்டென்று நினைவுக்கு வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். படித்தது எங்கும் போய்விடவில்லை. அதை எடுத்து வைக்க இடம் இல்லாமல் போயிற்று.

இதோடு மொழியின் சுமையும் சேர்கிறது. 2009-இல் டானியா ஸ்டிவர்ஸ் குழுவினர் ஜப்பானியம் முதல் டேனிஷ் வரை பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து பார்த்தார்கள். ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஐந்தில் ஒரு விநாடி அளவுதான். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே மூளைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். ஆக, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். தாய்மொழியில் இது தானாக நடக்கும். பிறகு கற்ற மொழியில், கேட்பதே முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்வதால், தயாரிப்பு தாமதமாகிறது. இரு மொழி தெரிந்தவர் ஒன்றில் பேசும்போது மற்றதும் மூளையில் விழித்தே இருக்கிறது. தேவையில்லாத சொல்லை ஒதுக்கும் வேலையும் கூடுகிறது. அந்த ஓரிரு விநாடி மௌனத்தை எதிரே இருப்பவர், விஷயம் தெரியாததால் வந்தது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

உச்சரிப்புக்கும் இந்த விளைவு உண்டு. சிகாகோவில் ஷிரி லெவ்-ஆரியும் போவாஸ் கீசாரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எளிய பொதுத் தகவல்களையே அயல் உச்சரிப்பில் சொன்னபோது கேட்டவர்கள் அவற்றைச் சற்றுக் குறைவாக நம்பினார்கள். சொல்பவர் வேறொருவர் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கிறார் என்று தெரிந்தும் அப்படித்தான். புரிந்துகொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டால், அந்தச் சிரமத்தை மூளை உண்மைக் குறைவின் கணக்கில் எழுதிவிடுகிறது. தமிழ் வாடை அடிக்கும் மலையாளத்திலும் கொங்குத் தாளம் கேட்கும் ஆங்கிலத்திலும் பேசுகிற சித்தூர்ப் பிள்ளைக்கு இந்த அநியாயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம்

எதிரே இருப்பவர்களின் மூளையும் மனித மூளைதான். ஒரு நல்ல குணத்தைக் கண்டால் மற்ற குணங்களும் நன்றாகவே இருக்கும் என்று மதிப்பெண் போட்டுவிடும் பழக்கத்தை எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டுகாட்டினார். முகத்தைப் பார்த்த பத்தில் ஒரு விநாடியிலேயே, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பதை ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டொடோரோவும் 2006-இல் காட்டினார்கள். நேரம் கூடக் கொடுத்தாலும் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின் மீதான நம்பிக்கைதான் கூடியது.

இதைவிடத் திகைக்க வைப்பது ஜேசன் டேனா, ராபின் டாஸ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட சோதனை. மாணவர்கள் சிலரை வேறு மாணவர்களோடு உரையாடச் சொல்லி, அந்த மாணவர்களின் அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்கச் சொன்னார்கள். பழைய மதிப்பெண்களும் கையில் தரப்பட்டன. பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்ததைவிட, உரையாடலையும் சேர்த்துக் கணித்தது மோசமாகவே இருந்தது. சில உரையாடல்களில், பதில் சொன்னவர் உண்மையைச் சொல்லவே இல்லை. கேள்வியின் பொருளோடு தொடர்பில்லாத ஒரு விதிப்படி ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டு போனார். கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பதில்களிலிருந்தும் ஒருவரைப் பற்றிய முழுச் சித்திரத்தை வரைந்துகொண்டார்கள்.

அப்படியானால் நேர்காணலே வீணா? அதுவும் இல்லை. எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. எல்லாருக்கும் வேலையோடு தொடர்புள்ள ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் முன்பே வகுத்த மதிப்பெண் அளவுகோல், குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டபின் கூட்டிப் பார்ப்பது. இதைக் கட்டமைந்த நேர்காணல் என்கிறார்கள். தேர்வு முறைகள் பற்றி நூறாண்டு ஆய்வுகளில் சேர்ந்த எண்களை மறுபடி சரிபார்த்து பால் சாக்கெட் குழுவினர் 2022-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். தேர்வில் ஒருவர் பெற்ற மதிப்புக்கும் பின்னர் வேலையில் அவர் காட்டும் திறனுக்கும் உள்ள ஒட்டுறவை 0 முதல் 1 வரை அளக்கலாம். கட்டமைந்த நேர்காணலுக்கு 0.42, அந்தப் பட்டியலில் முதலிடம். வேலை அறிவுத் தேர்வுக்கு 0.40. மனம்போன போக்கில் கேள்வி கேட்கும் நேர்காணலுக்கு வெறும் 0.19. வேலையில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை விளக்குகிறது என்று பார்க்க இந்த எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும். மிகச் சிறந்த நேர்காணலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விளக்குகிறது. மற்றது நூற்றுக்கு நான்கு பங்கைக்கூடத் தொடவில்லை.

நம் நாட்டு நீதிமன்றம் இந்த ஆபத்தை ஆய்வு எண்கள் இல்லாமலே உணர்ந்திருந்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 1980-இல் உச்ச நீதிமன்றம், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்றது. பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள் என்ற குறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் குரூப் சி பணிகளுக்கும் நேர்காணலையே கைவிட்டது. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வுக்கு 275. அதைத் தமிழில் எதிர்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நேர்காணலில் தேர்வாகாத பிள்ளை, தான் தகுதியற்றவள் என்ற முடிவோடு வீடு திரும்புகிறாள். அந்த முடிவை அந்த அறைக்குள் நடந்த எந்த அளவீடும் நிறுவவில்லை.

தயாரிப்பு என்றால் என்ன?

நேர்காணல் அரைகுறையான அளவுகோல் என்பதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அது பெரும்பாலும் அளப்பது அந்த அரை மணி நேரத்தை. பயிற்சி எடுத்தால் அந்த அரை மணி நேரத்தைப் பெருமளவு நம் வசமாக்கிக்கொள்ள முடியும்.

முதல் விஷயம், வாசிப்பதை நிறுத்திவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது. கைடு புத்தகத்தின் மாதிரிப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு விதத்தில் பாடப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு விதத்தில் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது தெரிந்துவிட்டது என்ற உணர்வுதான் வளர்கிறது. மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கும்போது, உள்ளிருந்து எடுக்கும் பாதை உறுதிப்படுகிறது. நேர்காணலில் தேவைப்படுவது அந்தப் பாதைதான். ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, சில நாள் இடைவெளிகளில் அரை அரை மணி நேரம் சொல்லிப் பார்ப்பது நிற்கும். முந்தின இரவுத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான்.

இரண்டாவது, பதில்களைவிடச் சம்பவங்களைத் தயார் செய்வது. கட்டமைந்த நேர்காணல்களில் இரண்டு வகைக் கேள்விகள் அதிகம் வரும். இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்பது ஒன்று. கேரி லாதம் குழுவினர் 1980-இல் வகுத்தது. இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சொந்த அனுபவம் வேண்டும். நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, முடிவு என்ன என்ற வரிசையில் ஐந்தாறு சம்பவங்களைக் கோத்து வைத்துக்கொண்டால், வரக்கூடிய பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றில் ஒன்று பொருந்திவிடும்.

எங்களுக்கு என்ன அனுபவம் இருக்கிறது என்று கிராமத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. பால் சொசைட்டியில் அப்பாவுக்குப் பதிலாகக் கணக்குப் பார்த்த பெண்ணுக்கு, அளவில் வித்தியாசம் வந்த நாளில் அதை எப்படித் தீர்த்தாள் என்று சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறது. பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் வந்த கடிதத்தைத் தெருவில் உள்ளவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுத்த பையனுக்கு, மொழிபெயர்ப்பும் மக்கள் தொடர்பும் பொறுமையும் சேர்ந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களோடு தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் உயிரோடு இருக்க, இரு மொழியும் தெரிந்த ஊழியர்கள் வேண்டும். சுமையாகத் தெரிந்த மொழி பலமாகும் இடம் இது. எனக்கு இரண்டு மொழி தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்த இரண்டு மொழியால் யாருக்கு என்ன வேலை நடந்தது என்று சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற கேள்விக்கும் இதே முறைதான். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி ஏன் மழை குறைந்தது; பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பது இங்கத்திய நெல்லுக்கும் தென்னைக்கும் ஏன் முக்கியம். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்து கள் போவதால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன. இவற்றைத் தெரிந்து சொல்கிறவர் தன் ஊரைக் கவனித்து வளர்ந்தவர் என்பது யாருக்கும் விளங்கும்.

மூன்றாவது, வாய்விட்டு, ஆட்கள் முன்னால், பழகுவது. 1995-இல் கிர்ஷ்பாம் குழுவினர் இருபது ஆண்களை ஐந்து நாள் தொடர்ந்து அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். பதின்மூன்று பேருக்குக் கார்டிசால் ஏற்றம் முதல் நாளுக்குப் பிறகு வெகுவாக அடங்கிவிட்டது. ஏழு பேருக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே இருந்தது. பெரும்பாலோருக்குப் பழக்கமே மருந்து. சிலருக்குப் பழக்கம் மட்டும் போதாது, கூடுதல் ஆதரவும் வேண்டும் என்பது இதன் பொருள். கண்ணாடி முன் பேசுவது இந்தப் பழக்கத்தைத் தராது, ஏனென்றால் கண்ணாடி எடைபோடுவதில்லை. அதிகம் பழகாத மூன்று பேர், சிரிக்காமல், மேசைக்கு எதிரே உட்கார வேண்டும். மலையாளத்தில் ஒரு சுற்று, ஆங்கிலத்தில் ஒரு சுற்று, தமிழில் ஒரு சுற்று. மொபைலில் பதிவு செய்து கேட்டுப் பார்க்க வேண்டும். தன் பாடத்தின் கலைச்சொற்களை மூன்று மொழியிலும் உரக்கச் சொல்லிப் பழகினால், அறைக்குள் அவற்றைத் தேடும் சுமை குறையும்.

படபடப்பை என்ன செய்வது?

அமைதியாக இரு என்பதுதான் எல்லாரும் சொல்லும் அறிவுரை. அதை நிறைவேற்றுவது கடினம், ஏனென்றால் துடிக்கிற இதயத்தை ஆணையிட்டு நிறுத்த முடியாது. ஹார்வர்டில் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வேறொரு வழியைச் சோதித்தார். பேசுவதற்கு முன் ஒரு சாராரை, நான் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார். மற்றவர்களை, நான் உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது சாரார் நம்பிக்கையோடு, கூடுதல் நேரம் பேசினார்கள். கேட்டவர்களும் அவர்களுக்கே நல்ல மதிப்பு கொடுத்தார்கள். இதயத்துடிப்பு இரண்டு சாராருக்கும் ஏறித்தான் இருந்தது. பயமும் உற்சாகமும் உடலளவில் நெருங்கிய உறவினர்கள். பெயரை மாற்றி அழைப்பது, நிலையையே மாற்ற முயல்வதைவிட எளிது.

இன்னொரு உண்மை பலருக்கு நிம்மதி தரும். நம் படபடப்பு எல்லாருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறோம். கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேசுகிறவர் நினைக்கும் அளவுக்கு அது வெளியே தெரிவதில்லை. இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பது அந்த ஆய்வின் சிறப்பு. இந்தப் பத்தியைப் படித்தவருக்கு அந்தப் பலன் இப்போதே தொடங்கிவிட்டது.

கேள்வி புரியவில்லை என்றால், இன்னொரு முறை கேட்கலாமா சார் என்று கேட்பதில் தவறில்லை. யோசிக்க நேரம் வேண்டுமானால், ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசிக்கலாம். காரணம் தெரிவிக்கப்பட்ட மௌனத்தை யாரும் அறியாமை என்று எண்ணமாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எங்கே தேடிக் கண்டுபிடிப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது நல்ல பதில்.

சில பிரபலமான அறிவுரைகளை விட்டுவிடலாம். பேச்சில் சொற்களுக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு, மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் ஒற்றைச் சொற்களும் குரலும் முகபாவனையும் விருப்பு வெறுப்பை எப்படிக் காட்டுகின்றன என்று செய்த சோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது. நேர்காணலுக்கு அது பொருந்தாது. கைகால்களை விரித்த தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோன்கள் மாறித் தைரியம் வரும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2015-இல் ஏவா ரானெஹில் குழுவினர் இருநூறு பேரிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. சுத்தமான உடை, நேரத்துக்குப் போவது, கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்வது ஆகியவை போதும். மற்ற நேரமெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்வதற்கே.

ஊருக்கு ஒரு வேலை

இவ்வளவையும் ஒரு பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. வசதியுள்ள நகரத்துப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே மாதிரி நேர்காணல் நடக்கிறது. மாமா அதிகாரி, அத்தை பேராசிரியை. அவர்களோடு ஆங்கிலத்தில் பேசிப் பேசி அது பழகிவிடுகிறது. எல்லையோரத் தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளை, வாழ்க்கையில் முதல் முறையாக மூன்று அதிகாரிகளுக்கு எதிரே உட்காருவது உண்மையான இன்டர்வியூ நாளில்தான். திறமையில் இல்லாத இடைவெளி, பழக்கத்தில் இருக்கிறது. இதை ஊர் நினைத்தால் மூடிவிடலாம்.

கேரளத்தில் நூலகம் இல்லாத பஞ்சாயத்தைக் காண்பது அரிது. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அலுவலர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, நூலக அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, எதிரே ஒரு நாற்காலி. பணம் எதுவும் வேண்டாம். தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கேள்வி கேட்க மூன்று பேர் போதும். அதிகம் பயப்படுகிற பிள்ளையை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வரச் சொல்ல வேண்டும். கிர்ஷ்பாம் சோதனையில் பழகியும் படபடப்பு அடங்காத அந்த ஏழு பேரைப் போன்றவராக அவர் இருக்கக்கூடும்.

ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் ஒரு தினக்கூலி ஆசிரியரை எடுப்பதானாலும், கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் எழுத்தரை எடுப்பதானாலும், எல்லாருக்கும் ஒரே கேள்விகளை முந்தின நாளே எழுதி வையுங்கள். நல்ல பதில் எது என்பதையும் எழுதி வையுங்கள். தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு கூட்டுங்கள். வேலைக்கு எந்த மொழி எந்த அளவுக்குத் தேவையோ அந்த அளவுக்கு மட்டும் மொழியைச் சோதியுங்கள். உச்சரிப்பை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைக் கேளுங்கள். ஒரு தாளும் பேனாவும் கொண்டு செய்யக்கூடிய இந்த மாற்றம், ஒட்டுறவை 0.19-இலிருந்து 0.42-க்குக் கொண்டுபோகும் வகையைச் சேர்ந்தது. இதனால் முதலில் நன்மை அடைவது வேலை கொடுப்பவர்தான், ஏனென்றால் சரியான ஆள் அவருக்கே கிடைக்கிறார்.

நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளைக்கு: வாய்விட்டுப் பழகுங்கள், சொந்தச் சம்பவங்களைக் கோத்து வையுங்கள், மூன்று மொழியையும் உங்கள் தகுதியாகவே எடுத்துப் போங்கள். இந்த முறை கிடைக்காவிட்டால், எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள். மிகச் சிறந்த நேர்காணலுக்கும் ஒரு மனிதரைப் பற்றி ஐந்தில் ஒரு பங்குகூடத் தெரிவதில்லை. மீதியை நீங்கள் வேலையில் காட்டுவீர்கள்.